ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு ஒரு வரலாறு இருக்கு

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோட் நாலு சத்தங்களைப் பத்தினது.

டிசம்பர் மாசம், விடியக்காலை ஆறு மணி, ஏற்காடு. ரோட்டுல பனி இறங்கி நிக்குது. எஸ்டேட் வாசல்ல இருபது வருஷப் பழைய டீசல் பிக்கப் ஒண்ணு. சாவியைத் திருப்பினா நாலு விதமா பதில் வரலாம். ஒண்ணு, சத்தமே இல்ல. ரெண்டு, ‘டக்’னு ஒரே ஒரு தட்டு, அதோட சரி. மூணு, பாதித் தூக்கத்துல எழுப்பின ஆள் மாதிரி மெதுவா ஒரு முனகல். நாலு, செல்ஃப் நல்லா ‘கரகர’ன்னு சுத்துது, ஆனா இன்ஜின் புடிக்க மாட்டேங்குது.

அனுபவமுள்ள மெக்கானிக் பானட்டைத் திறக்கிறதுக்கு முன்னாடியே இந்தச் சத்தத்தை வச்சு பாதி வேலையை முடிச்சிடுவார். நம்ம வேலையில சர்வர் விழுந்தா முதல்ல லாக் படிக்கிறோம் இல்ல, அதே மாதிரி. ஆனா இந்தச் சத்தங்களை நான் வேற ஒரு காரணத்துக்காக எடுத்துக்கிட்டேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் பின்னாடி ஒரு காலகட்டம் இருக்கு.

இன்ஜினை முதல் சுத்து சுத்த வைக்கிறது யார் வேலை? நூறு வருஷத்துக்கு மேல இந்தக் கேள்விக்குப் பதில் மாறிக்கிட்டே இருக்கு. முதல்ல மனுஷன் கை. அப்புறம் பேட்டரி. டீசல் வந்ததும் அதோட பம்பும் ஹீட்டரும் சேர்ந்துக்கிச்சு. இப்போ மென்பொருள். ஒவ்வொரு தடவை மாறும்போதும் ஒரு வசதி கிடைச்சது, ஒரு மாற்று வழி போச்சு. பழைய வண்டி ஸ்டார்ட் ஆகலன்னா ஏன்னு கண்டுபிடிக்கிறது, இந்த வரலாற்றைப் பின்னோக்கி நடந்து போற மாதிரிதான்.

ஏன் ஏற்காடு?

சேலத்துல இருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினா ஏற்காடு. கடல் மட்டத்துக்கு மேல ஏறக்குறைய 1,500 மீட்டர். சேர்வராயன் மலைகளோட உச்சி அதுக்கும் மேல, 1,600 மீட்டரைத் தாண்டும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்க காபி பயிரிட வழி செஞ்சார். இன்னைக்கும் இந்த மலையோட பிழைப்பில் பெரிய பங்கு காபிக்கும் மிளகுக்கும் உண்டு.

காபியில ஒரு சிக்கல் இருக்கு. அரபிக்கா பழம் பறிக்கிற சீசன் பெரும்பாலும் நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும். வருஷத்துலயே குளிரான மாசங்கள் அதுதான். பறிச்ச பழத்தை அன்னைக்கே தோல் நீக்குற மெஷினுக்குக் கொண்டு போகணும். குவிச்சு வச்சா மூட்டைக்குள்ளயே புளிக்க ஆரம்பிச்சிடும், கொட்டையோட தரமும் விலையும் இறங்கிடும். அதாவது, வண்டி தகராறு பண்ண வாய்ப்பு அதிகமுள்ள மாசமும், வண்டி கட்டாயம் ஓடியே ஆக வேண்டிய மாசமும் ஒண்ணு.

இதோட இன்னொண்ணு. உள்ளே இருக்குற மலைக் கிராமங்களுக்கு அதே பிக்கப்தான் மளிகை வண்டி, பல நேரம் அவசரத்துக்கு ஆஸ்பத்திரி வண்டி. நம்ம ஊர்ல கார் ஸ்டார்ட் ஆகலன்னா ஆப்பைத் திறந்து ஆட்டோ போட்டுக்கலாம். அங்க அந்த வசதி கிடையாது. அதனாலதான் இந்த விஷயத்தை நான் ஒரு மலையில வச்சுப் பேசுறேன்.

மணிக்கட்டை உடைத்த ஹேண்டில்

தமிழ்நாட்டு மோட்டார் வரலாற்றோட ஆரம்பத்துல ஸ்டார்ட் பண்றதுன்னா சாவி திருப்புற வேலையே இல்ல. 1903-ல் மெட்ராஸில் சிம்ப்சன் கம்பெனிக்காக சாமுவேல் ஜான் கிரீன் ஒரு நீராவிக் கார் செஞ்சார். நீராவி வண்டின்னா முதல்ல தீ மூட்டணும், தண்ணி கொதிக்கணும், ஆவி சேரணும், அப்புறம்தான் பயணம்.

பெட்ரோல் இன்ஜின் அந்தக் காத்திருப்பை ஒழிச்சது. ஆனா பதிலுக்கு ஒரு இரும்புக் கம்பியை நம்ம கையில கொடுத்துச்சு. வண்டி மூக்குல இருக்குற ஓட்டைக்குள்ள ஹேண்டிலை நுழைச்சு, இன்ஜினைக் கையால சுத்தணும். சுத்தும்போது தீப்பொறி சரியான நேரத்துக்கு முன்னாடி விழுந்துட்டா, இன்ஜின் எதிர்ப்பக்கமா உதைக்கும். ஹேண்டிலும் அதோட சேர்ந்து திரும்பி அடிக்கும். கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு எலும்பு உடையும். இது எவ்வளவு சகஜமா நடந்துச்சுன்னா, அந்த எலும்பு முறிவுக்கு மருத்துவத்துல ‘ஷோஃபர்ஸ் ஃப்ராக்சர்’னு பேரே வந்துடுச்சு. டிரைவர் முறிவு! இன்னைக்கும் எலும்பு டாக்டர்கள் அந்தப் பேரைத்தான் சொல்றாங்க.

அதனால ஹேண்டில் போடுறதுக்குன்னு ஒரு பாடமே இருந்துச்சு. கட்டைவிரலை கம்பியைச் சுத்தி வளைக்காம, மத்த விரல்களோட ஒரே பக்கமா வைக்கணும். கீழ்நோக்கி அழுத்தாம, மேல்நோக்கி இழுக்கணும். அப்போ உதைச்சாலும் கம்பி கையை விட்டு நழுவிடும், எலும்போட சண்டைக்கு வராது.

இதை மாத்தினவர் அமெரிக்காவுல சார்லஸ் கெட்டரிங். 1912 மாடல் கேடிலாக் கார்ல அவரோட மின்சார ஸ்டார்ட்டர் வந்துச்சு. அதுக்கு முன்னாடியே மின்சார மோட்டார் வச்சு இன்ஜினைச் சுத்த நிறைய பேர் முயற்சி பண்ணியிருந்தாங்க. அதுக்கு வேணும்ங்கிற மோட்டாரும் பேட்டரியும் காருக்குள்ள அடங்காத அளவுக்குப் பெருசுன்னு கணக்கு வந்துச்சு. கெட்டரிங் அதுக்கு முன்னாடி கடைக் கல்லாப்பெட்டி செய்யுற கம்பெனியில வேலை பார்த்தவர். கல்லாவைத் திறக்கிற மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டியதில்ல. ஒரு நொடி வேகமா இழுத்தா போதும். இன்ஜினுக்கும் அதே கதைதான்னு அவருக்குத் தோணுச்சு. சின்ன மோட்டாருக்குள்ள அதோட தகுதிக்கு மீறின கரண்டை சில நொடி மட்டும் பாய்ச்சலாம், எரிஞ்சு போறதுக்குள்ள நிறுத்திடலாம்.

இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க. இன்னைக்கு உங்க பிக்கப்ல இருக்குற செல்ஃப் மோட்டாரும் அதே வகைதான், சில நொடி வேலைக்கு மட்டும் படைக்கப்பட்டது. பத்து நொடிக்கு மேல விடாம சுத்தக் கூடாது, நடுவுல அரை நிமிஷத்துக்குக் குறையாம ஓய்வு விடணும்னு பெரியவங்க சொல்றதுக்குக் காரணம் இந்த 1912 கணக்கு.

‘டக்’: விளக்கு எரியுது, செல்ஃப் எடுக்கல

இப்போ முதல் மூணு சத்தத்துக்கு வரலாம். சத்தமே இல்ல, ஒரு ‘டக்’, இல்லன்னா முனகல். மூணுமே பெரும்பாலும் மின்சாரப் பிரச்சினை. டீசலைத் தொட வேண்டிய அவசியமே இல்ல.

எல்லாரும் செய்யுற முதல் சோதனை ஹெட்லைட் போட்டுப் பார்க்கிறது. “லைட் பளிச்சுன்னு எரியுது, அப்போ பேட்டரி நல்லாத்தான் இருக்கு, செல்ஃப் போச்சு”ன்னு முடிவு கட்டி, மோட்டாரைக் கழட்டிடுவாங்க. இங்க ஒரு சின்னக் கணக்கு போடலாம்.

பேட்டரி முனையில பச்சையா, வெள்ளையா பூத்திருக்குமே, அந்தப் பூப்பு ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை கொடுக்குதுன்னு வைங்க. ஹெட்லைட் ரெண்டும் சேர்ந்து இழுக்குறது சுமார் 10 ஆம்பியர். அந்தத் தடையில நஷ்டம் 0.1 வோல்ட். கண்ணுக்கே தெரியாது. டீசல் வண்டி செல்ஃப் இழுக்குறது சில நூறு ஆம்பியர். 300-ன்னு வச்சா நஷ்டம் 3 வோல்ட். பன்னிரண்டுல மூணு போச்சு. பேட்டரியும் நல்லா இருக்கு, மோட்டாரும் நல்லா இருக்கு, நடுவுல ஒரு சிட்டிகை பூப்பு மொத்த வண்டியையும் நிறுத்திடுச்சு.

அதனால சரியான சோதனை, லைட்டை எரியவிட்டுட்டு சாவியைத் திருப்புறது. திருப்பும்போது லைட் அப்படியே அணைஞ்சு போனா, பேட்டரி பலவீனம், இல்லன்னா பேட்டரி முனையிலயே இணைப்பு கெட்டிருக்கு. லைட் கொஞ்சமும் மங்காம ‘டக்’ மட்டும் வந்தா, கரண்ட் செல்ஃப் வரைக்கும் போகவே இல்ல. சுவிட்ச் பக்கமோ, செல்ஃப் மேல உட்கார்ந்திருக்குற சோலினாய்டு பக்கமோ பார்க்கணும். கையில மல்டிமீட்டர் இருந்தா இன்னும் சுலபம். சும்மா நிக்கும்போது 12.6 வோல்ட் இருந்தா முழு சார்ஜ், 12.2 பக்கம் வந்தா பாதி. செல்ஃப் சுத்தும்போது பத்துக்குக் கீழே ரொம்ப இறங்கினா பேட்டரி சந்தேகம்.

பழைய வண்டியில எல்லாரும் மறக்குற இன்னொரு இடம் எர்த். பேட்டரி நெகட்டிவ்ல இருந்து சேஸிஸுக்கும், சேஸிஸ்ல இருந்து இன்ஜினுக்கும் போற பட்டை. இன்ஜின் ரப்பர் மேல உட்கார்ந்திருக்குறதால அந்தப் பட்டை இல்லன்னா கரண்ட் திரும்பி வர நல்ல வழி கிடையாது. மலையோட ஈரத்துல இருபது வருஷம் இருந்த போல்ட் அடியில என்ன இருக்கும்? துரு. கழட்டி, உப்புத்தாள் போட்டு, இறுக்கினாலே எழுந்திருச்ச வண்டிகள் ஏராளம்.

குளிரைப் பத்தியும் ஒரு வார்த்தை. ஏற்காட்டுல விழுறது பேட்டரியைக் கொல்ற குளிர் இல்ல, லடாக் இல்லையே அது. பேட்டரிக்கு உண்மையான எமன் வெயில். சூட்டுலதான் உள்ள இருக்குற தகடுகள் வேகமா அரிக்கும். ஒவ்வொரு வாரமும் கீழே இறங்கி சேலம் வெயில்ல நிக்கிற வண்டியோட பேட்டரி அங்கதான் சாகுது. குளிர்ல ரசாயன வேலை மந்தமாகும், இன்ஜின் ஆயிலும் கெட்டியாகி இழுவை கூடும். அதனால ஏற்கெனவே தேய்ஞ்சு போன பேட்டரி மலை மேல விடியக்காலையில மாட்டிக்குது. தப்பு நடந்த இடம் வேற, தெரிஞ்ச இடம் வேற. புரொடக்‌ஷன்ல வர்ற பக் மாதிரியே இல்ல?

கரி அடுப்போட ஓடின பஸ்

நாலாவது சத்தத்துக்குப் போறதுக்கு முன்னாடி எரிபொருள் கதைக்கு வரணும். அதுல தமிழ்நாட்டுக்குன்னு ஒரு அத்தியாயம் இருக்கு.

இரண்டாம் உலகப் போர். பெட்ரோல் ரேஷன். வண்டிகள் நல்லா இருக்கு, ஊத்த எண்ணெய் இல்ல. மதுரையை மையமா வச்சு பஸ் ஓட்டிக்கிட்டிருந்த டி.வி. சுந்தரம் அய்யங்காரோட நிறுவனம் அப்போ கரியில ஓட்டுற கேஸ் பிளான்ட் தயாரிச்சு வித்துச்சு. பஸ்ஸோட முதுகுல ஒரு பெரிய இரும்பு உருளை. அதுக்குள்ள மரக்கரி. காத்தைக் குறைவா விட்டு எரிச்சா, கரி முழுசா எரியாம கார்பன் மோனாக்சைடு வாயு வரும். அதை வடிகட்டி, குளிர வச்சு, இன்ஜினுக்குள்ள அனுப்பணும்.

ஒரு நொடியில ஸ்டார்ட் ஆகுற காலத்துக்கு வந்த ஜனங்க மறுபடியும் அடுப்பு மூட்டுற காலத்துக்குப் போனாங்க. காலையில கிளீனர் வந்து கரி போட்டு, தீ மூட்டி, ஊதுகுழல் விசிறியைக் கையால சுத்தி, நல்ல வாயு வருதான்னு கொளுத்திப் பார்த்து, அப்புறம்தான் டிரைவருக்கே வேலை. மேட்டுல இழுவையும் பெட்ரோல் அளவுக்கு இருக்காது. மூடின இடத்துல மூட்டினா அந்த வாயு ஆளையே கொன்னுடும். போர் முடிஞ்சு பெட்ரோல் திரும்பினதும் இந்த உருளைகள் போயிடுச்சு. ஆனா ஒரு விஷயத்தை அது நிரூபிச்சது. இன்ஜினுக்கு என்ன தேவைன்னு தெரிஞ்ச ஆள் இருந்தா, உலகமே முடங்கினாலும் வண்டியை ஓட்ட ஒரு வழி கிடைக்கும்.

‘கரகர’: டீசல் வந்தப்போ என்ன போச்சு?

1940-களோட கடைசியில மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை பம்பாய்ல பூட்ட ஆரம்பிச்சது. மலைத்தோட்டங்களுக்கு ஜீப் தோதான வண்டி. அந்த வில்லிஸ் ஜீப் பெட்ரோல் வண்டி, மூக்குல ஹேண்டில் ஓட்டையும் உண்டு. நம்ம அம்பாசடருக்கும் ஹேண்டில் இருந்துச்சு, பழைய படங்கள்ல பார்த்திருப்பீங்க. கெட்டரிங்கோட கண்டுபிடிப்பு வந்து அரை நூற்றாண்டு ஆன பிறகும் நம்ம வண்டிகள்ல ஹேண்டில் இருந்தது பழமையால இல்ல. பேட்டரி மேல யாருக்கும் முழு நம்பிக்கை கிடையாது. ஹேண்டில் ஒரு பேக்கப்.

டீசல் விலை மலிவு. அதனால ஜீப்புகளும், பின்னாடி வந்த பிக்கப்புகளும் டீசலுக்கு மாறுச்சு. டீசல்ல தீப்பொறி கிடையாது. காத்தை இருபது மடங்கு பக்கம் அழுத்தி, அந்தச் சூட்டுலயே எண்ணெய் பத்திக்கணும். அவ்வளவு அழுத்தத்தை எதிர்த்து ஒரு ஆள் கையால சுத்துறது நடக்குற காரியமா? ஹேண்டில் ஓட்டை மறைஞ்சு போச்சு. கிலோமீட்டருக்கு ஆகுற செலவு குறைஞ்சது. பேக்கப் போச்சு. பேட்டரி ஒண்ணு படுத்தா எல்லாம் படுக்கும்ங்கிற நிலைமை அப்போ வந்ததுதான்.

பதிலுக்கு இன்னொரு பொருள் வண்டியோட இதயமா மாறுச்சு: எரிபொருள் பம்ப். ருடால்ஃப் டீசலோட இன்ஜின் 1897-லேயே வெற்றிகரமா ஓடுச்சு. ஆனா அது எண்ணெயை உள்ள ஊதுறதுக்குத் தனியா ஒரு காத்து அமுக்கி தேவைப்பட்ட பெரிய யந்திரம். அதை லாரிக்குள்ள வைக்க முடியாது. 1927-ல் ஜெர்மனியில பாஷ் நிறுவனம் எண்ணெயை நேரடியா அழுத்தி அனுப்புற பம்பை வரிசையா தயாரிக்க ஆரம்பிச்ச பிறகுதான் ரோட்டுல டீசல் பரவுச்சு. 1951-ல் பெங்களூருவில் மைக்கோ தொடங்கினாங்க. தமிழ்நாட்டு ஒர்க்‌ஷாப்கள்ல ‘மைக்கோ பம்ப்’ங்கிறது வீட்டுப் பேர் மாதிரி ஆச்சு. சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ் 1961-ல் வந்து செல்ஃப் மோட்டார், டைனமோ பக்கத்தைப் பார்த்துக்கிச்சு.

இந்த பம்போட அழகு என்னன்னா, முழுக்க முழுக்க மெக்கானிக்கல். ஒரு தடவை இன்ஜின் ஓட ஆரம்பிச்சா கரண்ட் ஏறக்குறைய தேவையே இல்ல. பலவீனம் ஒண்ணுதான்: காத்து. எண்ணெயை அழுத்தலாம், அழுத்தம் நாசில் வரைக்கும் போகும். நடுவுல காத்துக் குமிழி இருந்தா பம்ப் அதை அமுக்கி அமுக்கி விட்டுக்கிட்டே இருக்கும், நாசில் திறக்கவே திறக்காது. மெக்கானிக் பாஷையில ‘ஏர் புடிச்சிருக்கு’.

மலையில இது நடக்க ஒரு தனி வழி உண்டு. டேங்கில் டீசல் குறைவா இருக்கும்போது வண்டியைச் சரிவுல நிறுத்தினா எண்ணெய் ஒரு ஓரத்துக்கு ஒதுங்கிடும், உறிஞ்சுற குழாய் வாய் காத்துல நிக்கும். சமதரையில பிரச்சினை இல்லாத அதே அளவு டீசல் மலையில வண்டியை மடக்கிடும். அதனால ‘கரகர’ கேட்டதும் முதல் கேள்வி டீசல் எவ்வளவு இருக்கு, வண்டி எப்படி நிக்குதுங்கிறது.

ரெண்டாவது, எண்ணெயை நிறுத்துற அமைப்பு. பழைய வண்டியில இன்ஜினை அணைக்க ஒரு ஒயர் இழுப்பாங்க; அது முழுசா திரும்பாம மாட்டியிருந்தா எண்ணெய் போகாது. கொஞ்சம் பிந்தின வண்டியில அந்த வேலையை ஒரு சோலினாய்டு செய்யும். சாவி போட்டதும் அதுல இருந்து ஒரு மெல்லிய ‘க்ளிக்’ வரணும்.

மூணாவது, ஃபில்டர்ல தண்ணி. அடியில இருக்குற திருகைத் தளர்த்தி வடிச்சா தெரியும். அப்புறம் ஏர் எடுக்குற வேலை. ஃபில்டர் மேல இருக்குற திருகைக் கொஞ்சம் தளர்த்தி, கை பம்பை அழுத்திக்கிட்டே இருந்தா நுரை நுரையா வரும். நுரை நின்னு சுத்தமான டீசல் வந்ததும் திருகை இறுக்கணும். ஆனா நாசிலுக்குப் போற குழாய் மட்டும் அனுபவம் இல்லாதவங்க கைவைக்கிற இடம் இல்ல. அங்க இருக்குற அழுத்தத்துல டீசல் தோலைத் துளைச்சு உள்ள போயிடும்; பார்க்க ஊசிக் குத்து மாதிரி இருக்கும், விரலையே எடுக்க வேண்டிய நிலைமைக்குப் போகலாம்.

புகை சொல்ற பதில்

இவ்வளவையும் வரிசையா சோதிக்கணுமா? வேண்டாம். நமக்குத் தெரிஞ்ச பைனரி சர்ச் இங்கயும் வேலை செய்யும். ஒரே சோதனையில பாதியைக் கழிக்கலாம். ஒருத்தர் செல்ஃப் அடிக்கட்டும், இன்னொருத்தர் பின்னாடி போய் சைலன்சரைப் பார்க்கட்டும்.

புகையே இல்லன்னா இன்ஜினுக்குள்ள எண்ணெய் போகல. மேல சொன்ன டீசல், நிறுத்துற ஒயர், ஃபில்டர், காத்து, இதுக்குள்ளதான் பதில் இருக்கு. வெள்ளைப் புகை வந்தா எண்ணெய் போகுது, ஆனா பத்திக்கல. அப்போ குறை சூட்டுல.

பல பழைய டீசல் இன்ஜின்கள்ல எண்ணெய் முதல்ல ஒரு சின்ன அறைக்குள்ள பாயும். அந்த அறையோட சுவர் குளிர்ந்திருந்தா அழுத்தத்துல வந்த சூட்டை அதுவே குடிச்சிடும். அதுக்காகத்தான் ஹீட்டர் பிளக். டேஷ்போர்டுல சுருள் கம்பி மாதிரி ஒரு விளக்கு எரியுமே, அது அணையுற வரைக்கும் காத்திருந்து செல்ஃப் அடிக்கணும். நாலு ஹீட்டர்ல ரெண்டு போயிருந்தா சேலத்துல தெரியாது, கீழே இருக்குற வெயிலே மூணாவது ஹீட்டர் மாதிரி. ஏற்காட்டு விடியல்ல தெரிஞ்சிடும். கூடவே உயரமும் இருக்கு. 1,500 மீட்டர்ல காத்தோட அழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. காத்து லேசானா டீசல் பத்திக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். ஹீட்டரும் சரி, செல்ஃபும் வேகமா சுத்துது, அப்பவும் வெள்ளைப் புகைன்னா பிஸ்டன் ரிங் தேய்ஞ்சு அழுத்தம் கசியுதா, பம்போட நேரக் கணக்கு தவறியிருக்கான்னு பார்க்கணும். அது வாசல்ல நின்னு செய்யுற வேலை இல்ல, ஒர்க்‌ஷாப் வேலை.

மலையே செல்ஃப்

ஹேண்டில் போச்சுன்னு சொன்னேன். மலைக்காரங்க அதுக்கு ஒரு மாற்று வச்சிருக்காங்க. சந்தேகமான பேட்டரி இருக்குற வண்டியை ராத்திரி இறக்கத்தைப் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைப்பாங்க. காலையில சாவியை ஆன் பண்ணி, ஹீட்டர் போட்டு, ரெண்டாவது கியர்ல கிளட்ச் அழுத்தி, கல்லை எடுத்து உருள விட்டு, வேகம் வந்ததும் கிளட்ச்சை விட்டா மலையே இன்ஜினைச் சுத்திடும். கெட்டரிங் சில நொடிக்குத் தேடின சக்தியை இங்க சரிவு சும்மா கொடுக்குது. நிறுத்துறதுக்கு ஒயர் இருக்குற வண்டியா இருந்தா, செத்த பேட்டரியோடயும் கிளம்பும்.

இதுல உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒண்ணு இருக்கு. இன்ஜின் ஓடாதப்போ பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் கிடைக்காது. முதல் ஒண்ணு ரெண்டு மிதிக்கு அப்புறம் பெடல் கல்லு மாதிரி இறுகிடும். பவர் ஸ்டீயரிங் வண்டின்னா வளையமும் கனக்கும். சாவி ஆன்ல இல்லன்னா ஸ்டீயரிங் பூட்டிக்கவும் செய்யும். அதனால இதைச் செய்யுறவங்க நீளமான, ஆள் இல்லாத, கடைசியில சமதரை வர்ற எஸ்டேட் சரிவுலதான் செய்வாங்க. காட் ரோட்டுல, கொண்டை ஊசிக்கு மேல, யாரும் இதை முயற்சி பண்ணாதீங்க.

பெட்டிக்குள்ள போன அறிவு

2017 ஏப்ரல்ல நாடு முழுக்க பிஎஸ் 4, 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6 புகை விதிகள் வந்துச்சு. கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துற பம்ப், சென்சார்கள், சாவிக்குள்ள சிப். சாவியை வண்டி அடையாளம் கண்டுக்கலன்னா பேட்டரி, டீசல், காத்து எல்லாம் சரியா இருந்தும் இன்ஜின் ஓடாது. ஏன்னு தெரிஞ்சுக்க ஸ்கேனர் வேணும், சில நேரம் கம்பெனி லாகின் வேணும். இது ஐந்தாவது வகை மௌனம். காதால கேட்டுக் கண்டுபிடிக்க முடியாதது.

பழசுதான் நல்லதுன்னு நான் சொல்லல. மணிக்கட்டு உடைஞ்ச காலத்துக்கோ, பிக்கப்புக்குப் பின்னாடி ஸ்கூல் பசங்க கறுப்புப் புகையை முகத்துல வாங்கின காலத்துக்கோ யாரும் திரும்ப வேண்டாம். புது இன்ஜின்கள் குளிர்லயும் சுலபமா எழுந்திருக்குது, புகையும் ரொம்பக் குறைவு. என் கேள்வி வேற. மென்பொருள் எழுதுறவன்ங்கிற முறையில எனக்கு ஒண்ணு தெரியும்: ஒரு பிழைச் செய்தியை யாருக்குக் காட்டணும், யாருக்கு மறைக்கணும்ங்கிறது யாரோ ஒருத்தர் எடுத்த முடிவு, இயற்கை விதி இல்ல. ‘சர்வீஸ் சென்டருக்குப் போங்க’ன்னு ஒரு விளக்கு எரியுறதுக்குப் பதிலா ‘நாலாவது ஹீட்டர் போச்சு’ன்னு அதே திரை தமிழ்லயே சொல்ல முடியும். அந்தத் தகவல் பெட்டிக்குள்ள ஏற்கெனவே இருக்கு.

2022 டிசம்பர்ல மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’ன்னு ஒரு இணையதளம் தொடங்குச்சு. அதுல சேர்த்த நாலு துறைகள்ல மோட்டார் வாகனமும் ஒண்ணு, விவசாயக் கருவிகளும் ஒண்ணு. ஆரம்பம்தான். 2023 ஏப்ரல்ல இருந்து 15 வருஷம் தாண்டின அரசு வண்டிகளோட பதிவு புதுப்பிக்கப்படுறதில்ல. தனியார் வண்டிகளும் ஒவ்வொண்ணா போயிடும். ஏற்காட்டுல இன்னைக்கு காபி மூட்டை ஏத்துற மெக்கானிக்கல் பிக்கப்புக்குப் பதிலா பெட்டி வச்ச வண்டி வரும். அது ஒரு டிசம்பர் காலையில எழுந்திருக்கலன்னா, மூட்டைக்குள்ள பழம் சூடேறிக்கிட்டு இருக்கும்போது, அந்த எஸ்டேட் வாசல்ல நிக்கிற ஆளால என்ன செய்ய முடியும்ங்கிறது இப்போ நம்மள மாதிரி ஆளுங்க பெங்களூருலயும் சென்னையிலயும் ஏசி ரூம்ல உட்கார்ந்து முடிவு பண்ற விஷயம்.

வீட்டுல பழைய வண்டி வச்சிருக்கீங்களா? இந்த வாரம் பானட்டைத் திறந்து அந்த எர்த் பட்டை எங்க இருக்குன்னு மட்டும் கண்டுபிடிங்க. போல்ட்டைச் சுத்தம் பண்ணி இறுக்குங்க. தாத்தாவோ மாமாவோ ஹேண்டில் போட்டவங்களா இருந்தா கட்டைவிரலை எங்க வச்சாங்கன்னு கேட்டுப் பாருங்க, அந்தப் பதிலை எனக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.